சடைக்காரிக்கு ஒரு முகம் இருந்துச்சு

நேத்து மத்தியானம் நம்ம ஸ்கூல் குரூப்புல ஒருத்தி ஒரு தலையெண்ணெய்ப் பாட்டில் படத்தப் போட்டு, "யாருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு?"ன்னு கேட்டா. அதுலருந்து அந்த வாசனை என் மூக்குக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கு. பச்சைப் பாட்டில், மஞ்சள் லேபிள், லேபிள்ல முதுகு காட்டி நிக்கிற ஒரு பொம்பள, குதிங்காலையும் தாண்டித் தொங்குற சடை. பெட்டி மேல இங்கிலீஷ்ல என்னமோ பெரிய பேரு போட்டிருக்கும். அந்தப் பேரச் சொல்லி தூத்துக்குடியில ஒருத்தரும் வாங்கினதில்ல. "அண்ணாச்சி, சடைக்காரி ஒண்ணு தாங்க"ம்போம். எடுத்துத் தருவாரு.

படத்துக்குக் கீழ ஒரே சண்டை. அந்தச் சடை டோப்பான்னு ஒருத்தி. யாரோ ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சதுன்னு ஒருத்தி. மெட்ராஸ்ல இருந்து கூட்டியாந்த பொண்ணுன்னு இன்னொருத்தி. அவளுக்கு நல்லது எதுன்னாலும் மெட்ராஸ்ல இருந்துதான் வரணும்.

நான் ஒரு மணி நேரம் கம்முனு இருந்தேன். நான் கம்முனு இருக்கது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். அதான் உக்காந்து எழுதுதேன். ஏளா, அது டோப்பா இல்ல. அந்த எண்ணெய்க் கம்பெனிக்காரரு வீட்டுல நாங்க வாடகைக்கு இருந்தோம். அந்தச் சடைய நான் கையால தொட்டிருக்கேன். அது போன அன்னைக்கு நான் பக்கத்துலயே நின்னேன்.

எனக்கு அப்ப அஞ்சாம் கிளாஸ். தலையில முடின்னு சொல்லிக்கிட ஏதோ இருந்துச்சு. அம்மா ரெண்டு சடை போட்டு ரிப்பன் கட்டி விட்டா, ரிப்பன் மட்டும் தெரியும், முடியத் தேடணும். கிளாஸ்ல எனக்கு எலிவால்னு பேரு. அந்தப் பேர வச்சவ இந்த குரூப்புலதான் இருக்கா. இப்ப அவ தலையும் அதே கதைதான்னு கேள்வி. ஆண்டவர் நீதியுள்ளவர்.

அப்பாவுக்கு ஆறுமுகநேரில வேலை, வாரம் ஒருக்க வருவாங்க. அம்மா டீச்சர். நாங்க நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆளுங்க. மாதா கோயில் தெருவுல அந்த மாடி வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் காலியா இருக்குன்னு கேள்விப்பட்டு குடி போனோம். முன்பக்கம் கம்பெனி ஆபீஸ். பின்பக்கம் ஷெட்டு. மேல கம்பெனிக்காரரும், அவரு மகளும் மருமகனும். கம்பெனிக்காரரு சம்சாரம் முன்னமே காலமாயிட்டாக.

புதன்கிழமை புதன்கிழமை எண்ணெய் காய்ச்சுவாக. ஷெட்டுக்குள்ள ஆளு உயரத்துக்கு அண்டா. அதுல தேங்காயெண்ணெய், செம்பருத்திப் பூவு, கரிசலாங்கண்ணி, வெட்டிவேரு எல்லாம் போயி விழும். கடைசியா கம்பெனிக்காரரு ஒரு துணி மூட்டையோட உள்ள போயிக் கதவச் சாத்திக்கிடுவாரு. அதுல என்ன இருந்துச்சுன்னு ஷெட்டுல வேலை பாத்த இருபது பொம்பளைக்கும் தெரியாது. நம்ம ஊருக் காத்துல எப்பவும் உப்பும் கருவாடும் இருக்கும்லா, புதன்கிழமை மட்டும் அந்தக் காத்து தலைக்குத் தேச்சுக் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும். என் நோட்டு, யூனிபார்ம், தலகாணி உறை எல்லாத்துலயும் அந்த வாசனை. பரீட்சைப் பேப்பரக் கட்டுல இருந்து உருவும்போதே கணக்கு மிஸ் என்னுதுன்னு கண்டுபிடிச்சிருவாக. மார்க்கும் அதுக்கேத்த மாதிரி வழுக்கிக்கிட்டே போவும்.

கம்பெனிக்காரரு எப்பவும் ஒரு வெள்ளைத் தொப்பி போட்டிருப்பாரு. கோயிலுக்கு உள்ள போவும்போது கழட்டணும்கதுக்காக வெளிய மரத்தடியில நின்னே பூசை காணுவாரு. அந்தத் தொப்பிக்குள்ள அவருக்கு எம்புட்டு முடி இருக்கும்னு நானும் ஷெட்டுக்காரிய பிள்ளைகளும் பந்தயம் கட்டுவோம். சிங்கம் மாதிரி இருக்கும்னு நான் சொன்னேன்.

அவரு மகதான் சடைக்காரி அக்கா.

அந்த வீட்டுக்குப் போயி ஆறு மாசம் நான் அவுக முகத்தப் பாக்கலன்னா நம்புவீங்களா? வெளியூருல இருந்து ஏஜெண்டுமாரு வந்தா கீழ வாங்குப் பலகையில வரிசையா உக்கார வச்சி காப்பி குடுப்பாக. கம்பெனிக்காரரு மேல பாத்து, "மக்கா"ம்பாரு. அக்கா மாடிப்படி உச்சியில வந்து சுவத்தப் பாத்துத் திரும்பி நிப்பாக. முதுகு மட்டும் தெரியும். கைய பின்னால கொண்டு போயி முடிச்ச அவுத்தாகன்னா, அந்தச் சடை படி படியா இறங்கும். நாலாவது படியில வந்து நிக்கும். ஏஜெண்டு கையில இருக்க காப்பி ஆறிப் போவும். நான் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டு எலிவாலைத் தடவிக்கிடுவேன்.

முகத்த ஏன் காட்டலன்னு அம்மா ஒருக்க கேட்டாங்க. "டீச்சரம்மா, முகத்தக் காட்டினா, இது யாரோ ஒருத்தின்னு ஆயிரும்"னாரு கம்பெனிக்காரரு. "முதுகக் காட்டினா, பாக்கவ ஒவ்வொருத்தியும் இது நாந்தான்னு நெனச்சிக்கிடுவா." இப்ப உள்ள விளம்பரக் கம்பெனிக்காரன் இதக் கேட்டா கால்ல விழுந்து கும்பிடுவான். அதுக்கு அந்த அக்கா வீட்டுக்குள்ளயே கிடந்தாக, கோயிலுக்குப் போனாலும் முகம் மறைய முக்காடு போட்டு ரிக்சாவுல திரை கட்டித்தான் போனாக. அது அப்ப எனக்குப் பெரிய ராணி மாதிரி தெரிஞ்சுது. எனக்கும் அப்பிடி ஒரு திரை வேணும்னு அம்மாட்ட அழுதேன். "முதல்ல பேன் ஒழியட்டும்"னாங்க.

அக்காவோட மாப்பிள்ளை தோணி ஓட்டுதவரு. தோணிக்குத் தலைவரைத் தண்டல்னு சொல்லுவாக, உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரரோட சொந்தத் தங்கச்சி மகன். வெங்காயமும் காய்கறியும் ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போயிட்டு வருவாரு. கறுத்த ஆளு, சத்தமாச் சிரிப்பாரு. அவரு ஊருல இருக்க நாளுல மாடியில இருந்து ரெண்டு சிரிப்பு கேக்கும். இல்லாத நாளுல மாடி கம்முனு கிடக்கும்.

அந்த வருசம் ஐப்பசி மழையில கடலு கெட்டுப் போச்சு. தண்டலோட தோணி திரும்பி வர வேண்டிய நாளுல வரல. கூடப் போன ரெண்டு தோணி பாய் கிழிஞ்சு வந்து சேந்துச்சு. "நாங்க கடைசியாப் பாக்கும்போது அவுக தோணியில பாய்மரம் இல்ல"ன்னு அதுல வந்தவன் சொன்னான். ரேடியோவச் சுத்தி ஆபீஸ்ல எல்லாரும் உக்காந்திருப்பாக. அந்த ரெண்டு புதன்கிழமையும் அண்டாவுக்கு அடியில தீ வைக்கல. காத்து வெறும் காத்தா வந்துச்சு. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

அக்கா மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டாகன்னு ஷெட்டுல பேச்சு. அவுக உசிரோட வந்தா என் தலைமுடி முழுசும் உனக்குன்னு.

பதினோராவது நாள் காலையில நான் வாசல்ல பல்லு விளக்கிக்கிட்டு நிக்கேன். தெருமுனையில ஒரு ஆளு வாராரு. தாடி, உதடு வெடிச்சிருக்கு, காலு வீங்கிச் செருப்பு கொள்ளல, கையில தூக்கிட்டு வாராரு. பிச்சைக்காரருன்னு நெனச்சி, "அம்மா, காசு"ன்னு கத்திட்டேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தோணி அலைஞ்சு போயி சிலோன் கரையில எங்கனயோ ஒதுங்கி, மீன்பிடிக்காரங்க காப்பாத்தி அனுப்பியிருக்காக. தோணியில போன ஆறு பேரும் முழுசா வந்துட்டாக. தெருவே கூடிருச்சு. ஷெட்டுப் பொம்பளைய குலவை போட்டாக. அப்புறம் மாடியில இருந்து ஒரு அழுகை வந்துச்சு பாருங்க, அத மாதிரி நான் பெறவு கேக்கல.

ரெண்டு நாளு எல்லாருக்கும் சந்தோசம். மூணாவது நாளுதான் கம்பெனிக்காரருக்கு நேர்ச்சை ஞாபகத்துக்கு வந்துச்சு.

அவரு மனுசன் சும்மா இருக்கல. தட்டான்ட்ட போயி வெள்ளியில ஒரு சடை செய்யச் சொல்லிட்டாரு. அவரு நெனச்சதும் தப்பில்ல. கை சுகமானவன் மெழுகுல கை செஞ்சு வைப்பான், கால் சுகமானவன் வெள்ளியில கால் வைப்பான், அந்தக் கோயில் வழக்கம் அது. அப்ப முடிக்குப் பதிலா வெள்ளி முடி வச்சா மாதா வேண்டாம்னா சொல்லுவா? ஒரு முழ நீளத்துக்கு, பின்னல் பின்னலா, நுனியில குஞ்சம் வச்சி, சிவப்பு வெல்வெட்டுப் பெட்டிக்குள்ள வந்து சேந்துச்சு அது. நான் பாத்தேன். அம்புட்டு அழகு. என் தலையில ஒட்டிக்கிடலாமான்னு இருந்துச்சு.

ஆபீஸ் ஹால்ல பஞ்சாயத்து. கோயில் சாமியாரு, கம்பெனிக்காரரு, தண்டல், எங்க அம்மா. அம்மா படிச்சவுகன்னு துணைக்குக் கூப்பிட்டிருந்தாக. அக்கா படி உச்சியில, சுவத்தப் பாத்துக்கிட்டு. நான் தூணுக்குப் பின்னால.

சாமியாரு பெட்டியத் திறந்து பாத்தாரு. மூடிட்டாரு. "கை சுகமானவன் கையை வெட்டிக் குடுக்க முடியாதுன்னுதான் வெள்ளிக்கை வைக்கான். இங்க நேர்ந்ததே முடியத்தான? அத நான் மாத்த முடியாது. நேர்ந்தவ சொல்லட்டும்."

"சாமி, ஷெட்டுல இருபது குடும்பம் இருக்கு"ன்னாரு கம்பெனிக்காரரு. "நாளைக்கு ஏஜெண்டு வந்து கேட்டா நான் எதக் காட்டுவேன்? சடைக்காரி மொட்டையாயிட்டான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், எண்ணெய ரோட்டுல ஊத்த வேண்டியதுதான். நேர்ச்சைக்கு ஒரு தலை வேணும். அம்புட்டுத்தான? என் தலைய எடுத்துக்கோங்க."

சொல்லிட்டு ஆவேசத்துல தொப்பியக் கழட்டிட்டாரு.

மொழுமொழுன்னு இருந்துச்சு. ஒரு முடி கிடையாது. ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டுச் சுவத்துல அடிச்சுது. சாமியாரு மேல ஓடுத மின்விசிறியப் பாத்தாரு. தண்டல் தரையப் பாத்தாரு. நான் சிரிச்சிட்டேன். அம்மா கிள்ளினது ஒரு வாரம் கன்னிப் போயி இருந்துச்சு.

கம்பெனிக்காரரு தலையத் தடவிப் பாத்துட்டு மெதுவா வாங்குல உக்காந்தாரு. "முப்பது வருசமா நானும் இதத்தான் தேய்க்கேன்"னாரு. இப்ப நெனச்சா சிரிப்பு வரல. மனுசன் ஊரு பூரா முடி வளக்க எண்ணெய் காய்ச்சிட்டு, தலையத் தொப்பிக்குள்ள மறைச்சிக்கிட்டு, கோயிலுக்குள்ள கூடப் போவாம மரத்தடியிலயே நின்னுருக்காரு.

அப்ப எங்க அம்மா வாயத் திறந்தாங்க. நாங்க நேர்ச்சை மொட்டை எதுவும் இல்லாத ஆளுங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரு யோசனை வச்சிருப்போம். "ஏன், நுனியில கொஞ்சம் வெட்டிக் குடுத்தா போதாதா? மனசுதான முக்கியம்?"

மேல இருந்து அக்கா குரல். "டீச்சர், அவுக கொஞ்சமாவா வந்தாக? முழுசாத்தான வந்தாக."

வகுப்புல நாப்பது பிள்ளைய ஒரு பார்வையில அடக்குத அம்மாவ ஒருத்தர் வாயடைச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவதான்.

தண்டல் மட்டும் கம்பெனிக்காரரு பக்கத்துல போயி உக்காந்தாரு. "மாமா, கிறிஸ்துமஸுக்கு முந்தி நான் மறுபடி கடலுக்குப் போவணும். குடுக்கேன்னு சொன்னதக் குடுக்காம என்னைய அனுப்பிட்டு இவ இங்கன எப்பிடித் தூங்குவா? பாய் கட்டும்போது எனக்கும் கை நடுங்கும் மாமா."

கம்பெனிக்காரரு தொப்பிய மடியில வச்சி மடிச்சிக்கிட்டே இருந்தாரு. பெறவு, "சனிக்கிழமை காலையில போங்க. ஆளு வாரதுக்கு முந்தி. கார் அனுப்புதேன், திரை போட்டு"ன்னாரு.

சனிக்கிழமை ஸ்கூல் லீவு. அக்கா படியில இருந்து, "டீச்சர், பிள்ளையத் துணைக்கு அனுப்புங்க"ன்னாக. என்னைய ஏன் கேட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தூணுக்குப் பின்னால நின்னது தெரிஞ்சிருக்கும் போல.

கோயிலுக்குப் பின்னால பூவரச மரத்தடியில ஒரு மணை. நாவிதரு கத்தியத் தீட்டிட்டு முக்காட்ட எடுக்கச் சொன்னாரு. சடைய அவுத்து விட்டாக. அவருக்குக் கை வரல. "நாப்பது வருசமா இந்தத் தொழிலு பாக்கேன் தாயி, இதுல எங்கன கத்திய வைக்க?"ன்னாரு. அக்கா குனிஞ்சிக்கிட்டாக. தண்டல் கீழ உக்காந்து ரெண்டு கையிலயும் அந்தச் சடைய ஏந்திக்கிட்டாரு, மண்ணுல படாம. என்னையும் நுனியப் பிடிச்சிக்கிடச் சொன்னாரு. பிடிச்சேன். கனம்னா கனம், ஈரக் கயிறு மாதிரி. சூடா வேற இருந்துச்சு. மனுச முடிக்குச் சூடு இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். வெட்டின உடனே அது சட்டுனு இன்னும் கனமாச்சு. தண்டல் கண்ணு ரெண்டும் ஒழுகுது. கடலுல மூணு நாளு தண்ணி இல்லாமக் கிடந்த மனுசன், அம்புட்டுத் தண்ணிய எங்கன வச்சிருந்தாரோ.

மொட்டை அடிச்சு, சந்தனம் பூசி முடிச்சதும் அக்கா தலையத் தூக்கி என் பக்கமாத் திரும்பினாக. "எப்பிடிளா இருக்கேன்?"

அவுக முகத்த அப்பத்தான் பாத்தேன். ரெண்டு காதும் பெருசு. நெத்தியில சின்னதா ஒரு அம்மைத் தழும்பு. மேல்பல்லு ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறி நிக்கி. லேபிள்ல உள்ள பொம்பளைக்கு நான் மனசுக்குள்ள வச்சிருந்த முகத்துல இதுல ஒண்ணு கூட இல்ல. ஆனா பாத்த உடனே, ஆமா, இதுதான், வேற எது இருக்க முடியும்னு இருந்துச்சு. தலைய மட்டும் ஆட்டினேன்.

சடையத் தட்டுல வச்சி உள்ள கொண்டு போயி மாதா காலடியில வச்சாக. தண்டல் வேற ஒரு தோணிக்குச் சரக்கு ஏத்தப் போயிட்டாரு. வெளிய திரை போட்ட கார் நிக்கி. அக்கா டிரைவர்ட்ட, "நீங்க போங்க, நாங்க நடந்து வாரோம்"னாக. முக்காட்ட மடிச்சி என் கையில குடுத்துட்டாக.

ஊரு பூரா சடைக்காரிய மொட்டையாப் பாக்கப் போவுது, கம்பெனி போச்சு, நாங்க வேற வீடு பாக்கணும்னு என்னல்லாமோ யோசனை. பெரிய கடைத்தெருவுல நுழைஞ்சோம். சனிக்கிழமைக் கூட்டம். ஒருத்தரு திரும்பிப் பாக்கணுமே? மீன்காரி, "தள்ளு தாயி"ன்னு இடிச்சிட்டுப் போனா. ஷெட்டுல லேபிள் ஒட்டுத பெரியம்மா எதுத்தாப்புல வந்தாக, என்னையப் பாத்து, "என்னளா, யாரு இது, உங்க சொந்தக்காரியா?"ன்னு கேட்டுட்டு நிக்காமப் போனாக. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஒருத்தருக்கும் அவுகளத் தெரியாது. ஊருக்குத் தெரிஞ்சது முதுகும் சடையும்தான். முதுகுல பாதிய மாதாகிட்ட குடுத்துட்டு வந்துட்டாக. மிச்சம் இருக்க ஆள யாரு பாத்திருக்கா?

அக்காவுக்கும் அது மெதுவாத்தான் விளங்குச்சு. நடை மாறிப் போச்சு. கைய வீசி நடக்காக. வளையல் கடையில நிக்காக, மாட்டு வண்டிக்கு வழி விட்டு ஒதுங்குதாக, பேக்கரியில மக்ரூன் வாங்கி எனக்குப் பாதி குடுத்துத் தெருவுல நின்னே திங்காக. கடல் காத்து மொட்டைத் தலையில பட்டதும் கண்ண மூடிக்கிட்டாக. "இப்பிடியாளா இருக்கும்?"னாக. காத்தச் சொன்னாகளா, தெருவச் சொன்னாகளா, தெரியல.

முக்குல ஒரு பலசரக்குக் கடை. வாசல்ல பெரிய தகர போர்டு. மஞ்சள்ல, முதுகு காட்டி, அவுகளேதான். அக்கா அதுக்கு முன்னால போயி நின்னு அண்ணாந்து பாத்தாக. கடைக்கார அண்ணாச்சி மொட்டையப் பாத்தாரு, போர்டப் பாத்தாரு, எடை போட்டுக்கிட்டிருந்த பருப்ப அப்பிடியே வச்சிட்டு வெளிய வந்தாரு.

"வேண்டுதலாம்மா? எந்த ஊரு?"

"பக்கத்துலதான் அண்ணாச்சி."

"கவலப்படாதீங்க. இத ஒரு பாட்டில் கொண்டு போங்க. ஆறு மாசத்துல அந்தா நிக்காள்லா, அவள மாதிரி வளந்துரும்."

அக்கா அவர நேராப் பாத்துக் கேட்டாக. "நெசமா வளருமா அண்ணாச்சி?"

"என்ன தாயி இப்பிடிக் கேட்டுட்டீக? அவ என் கண்ணு முன்னால வளந்த பிள்ளை"ன்னாரு அவரு.

அக்கா ஒரு பாட்டில் வாங்கினாக. தெருமுனை திரும்புத வரைக்கும் அடக்கிக்கிட்டு வந்து, சுவத்துல சாஞ்சி சிரிச்சாக பாருங்க, அந்த ஏறின பல்லு தெரிய, கண்ணுல தண்ணி வர. மாடியில இருந்து கேட்ட ரெண்டு சிரிப்புல ஒண்ணு. பாட்டில என் கையில குடுத்தாக. "உனக்குத்தான். தேய்ச்சுக்கோ." தேய்ச்சேன். பலன உங்க எல்லாருக்கும் தெரியும்.

கம்பெனி மூழ்கல. அது பெறவு எத்தனையோ வருசம் ஓடுச்சு, அதே லேபிளோட. ஏஜெண்டு வந்தா, கம்பெனிக்காரரு, "மகளுக்கு உடம்பு சரியில்ல"ன்னாரு. அவனுக காப்பி குடிச்சிட்டு ஆர்டர் எழுதிட்டுப் போனானுக. அவரு பயந்த பயம் பூரா வீணு. அந்த மாசமே அவரு தொப்பியக் கழட்டி வச்சிட்டுக் கோயிலுக்கு உள்ள போயி முன் வாங்குல உக்காந்ததையும் நான் பாத்தேன். அக்கா முடி வளக்கத்தான் செஞ்சாக, ஆனா தோளுக்குக் கீழ விடல. மாடியில சுவத்தப் பாத்து நிக்கவும் இல்ல. மறுவருசம் அம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாச்சு. அம்மா அந்த யோசனையப் பத்தி ஒரே ஒரு தடவ சொன்னாங்க, சாகப் போற வயசுல: "நுனியக் குடுன்னு சொன்னேம்ல, என்ன ஒரு புத்தி எனக்கு."

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. தண்டல் மறுபடி கடலுக்குப் போன அன்னைக்கு அம்மாவும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். தோணித்துறையில ஒரே கூட்டம், வெங்காய வாடை, மழை விட்ட வெயிலு. தோணி பாய் விரிச்சு நகருது. அதுல இருந்து தண்டல் கரையத் தேடுதாரு. தேடவே வேண்டாம், அம்புட்டுத் தலைக்கு நடுவுல ஒரு தலை மட்டும் சந்தனமாப் பளபளன்னு நிக்கி. கையத் தூக்கிச் சிரிச்சாரு, சத்தம் தண்ணியத் தாண்டிக் கரை வரைக்கும் வந்துச்சு.

நாங்க பின்னால நின்னோம். எனக்கு மறுபடி அவுக முதுகுதான் தெரிஞ்சுது. சடை இல்லாத முதுகு, சின்னதா, எலும்பு தெரிய. ஆறு மாசமா அந்த முதுகப் பாத்து ஒரு வார்த்தை கூப்பிட்டதில்ல நான். அன்னைக்கு, "அக்கா"ன்னேன்.

திரும்பினாக.

அதனால நீங்க படத்தப் போட்டு முதுகு முதுகுன்னு பேசிக்கிட்டே இருங்க. எனக்கு எத்தனை யோசிச்சாலும் அவுக அந்தப் பக்கம் பாத்து நிக்கது ஞாபகத்துக்கு வர மாட்டேங்கு.